வலி மாத்திரை போட்டுத் தூங்கிய இரவு

கேள்வி: நிலவியல் துறையில் பிஎச்.டி. செய்கிறேன். பாறைத் தூளைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்துகிறோம். 12 நாள் முன்பு, மதியம், கையுறை ஓட்டை வழியாக ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு பட்டது. கழுவினேன், எரியவில்லை. நள்ளிரவில் உயிர்போகும் வலி. வலி மாத்திரை இரண்டு போட்டுப் படுத்துவிட்டேன். இப்போது வலி இல்லை, நகம் மட்டும் கறுத்திருக்கிறது. எலும்பு கரையும், இதயம் நின்றுவிடும் என்று இணையத்தில் படித்தேன். முடியும் கொட்டுகிறது, லேபில் அசிட்டோன் நெடி வேறு. அடுத்த மாதம் கல்யாணம்.

பதில்: கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போங்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் தடுமாறுவதெல்லாம் பட்ட முதல் ஓரிரு நாளில் நடப்பது. 12 நாள் பதுங்கியிருந்து பாயாது. முடிக்கும் அசிட்டோனுக்கும் சம்பந்தமில்லை. கறுத்த நகத்தை மட்டும் இந்த வாரமே ஓர் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்.

எனக்குக் கோபம் அந்த இரண்டு மாத்திரைமேல்தான். மற்ற அமிலங்கள் பட்டவுடன் சுடும், கையை உதறுவோம். இது சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, சதையிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். 20 முதல் 50 சதவீதக் கரைசல் என்றால் வலி வர 1 முதல் 8 மணி நேரம் ஆகலாம். அதற்கும் நீர்த்தது என்றால் 24 மணி நேரம்கூட. கொப்புளம் இருக்காது, தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். அந்த நள்ளிரவு வலிதான் மருத்துவர்களான எங்களுக்கு அளவுகோல். மருந்து வேலை செய்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். அதற்காக மரத்துப்போகும் ஊசியைக்கூடத் தவிர்ப்போம். நீங்கள் அதைத் தூங்கவைத்துவிட்டீர்கள்.

செய்திருக்க வேண்டியது: பட்டவுடன் ஓடும் தண்ணீரில் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்க்க வேண்டும். விரலென்றால் கையுறைக்குள் ஜெல்லைப் பிதுக்கி விரலை உள்ளே விட்டுவிடலாம். தேய்த்தபடியே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், வலிக்காவிட்டாலும். அங்கே வெறுமனே ‘ஆசிட் பட்டது’ என்றால் தீக்காயக் களிம்பு தடவி அனுப்பிவிடுவார்கள். ‘ஹைட்ரோஃபுளோரிக்’ என்று முழுப்பெயர் சொல்லி, பாட்டில் லேபிளின் படத்தையும் காட்டுங்கள். ஜெல் இல்லாத மருத்துவமனையிலும் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஊசிமருந்து 10 மில்லியை, தண்ணீரில் கரையும் ஜெல்லி 30 மில்லியில் கலந்து தயாரித்துவிடலாம்.

கண்ணாடியையே அரிக்கும் என்பதால் அந்த அமிலத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வைத்திருப்பீர்கள். அதே அலமாரியில் ஜெல் டியூப் இருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். இருந்தால் காலாவதித் தேதியையும் பாருங்கள். இல்லையென்றால், வாங்கிவைக்கும்வரை அந்த பாட்டிலைத் திறக்க மாட்டேன் என்று உங்கள் கைடிடம் சொல்லுங்கள்.