எலிக்குக் கொடுக்கும் ஷாக்கும் அக்காவுக்குக் கொடுக்கும் ஷாக்கும்

கேள்வி: என் அக்காவுக்கு 42 வயது. மனச்சோர்வு முற்றி, இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. மூன்று முறை மாத்திரை மாற்றியும் பலனில்லை. ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்கலாம் என்கிறார் மனநல மருத்துவர். எலிகளுக்கு மின்சாரம் வைத்து வலிப்பு வரவழைத்தபோது மூளை செல்களின் செயல்பாடே மாறிவிட்டதாகப் படித்தேன். அக்காவின் மூளை கெட்டுப்போய்விடாதா?
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை. வலிப்புக்குப் பிறகு எலியின் மூளை செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் விதம் மாறத்தான் செய்கிறது. ஆனால் மாறுவது வேறு, கெடுவது வேறு. உங்கள் பயம் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்ததால் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் எலியின் இரண்டு காதுகளிலும் சின்ன கிளிப் மாட்டி, ஒரு கணம் மின்சாரம் செலுத்துவார்கள். உடம்பு விறைக்கும், பின்னங்கால்கள் நேராக நீளும், அப்புறம் வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எலி எழுந்து மோப்பம் பிடித்தபடி நடக்கத் தொடங்கும்.

உள்ளே நடப்பதுதான் முக்கியம். ஒரு செல் அடுத்த செல்லுக்கு வேதிப்பொருள் வழியாகச் செய்தி அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். எலிக்குப் பல நாட்கள் தொடர்ந்து இப்படிக் கொடுத்தால், மூளையின் வெளி அடுக்கில் நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருளை வாங்கும் பீட்டா ஏற்பிகள் குறைகின்றன. மனச்சோர்வு மாத்திரைகளைப் பல நாள் கொடுத்தாலும் இதே மாற்றம் வருகிறது. ஒரே ஒரு முறை கொடுத்தால் அவ்வளவாக வருவதில்லை. மனிதர்களுக்கும் ஒரு ஷாக்கோடு நிறுத்தாமல், வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பல முறை கொடுப்பது இதோடு ஒத்துப்போகிறது. எலி மூளையில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் செல்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுவதை 1995-இல் கண்டார்கள். அதே இடத்தில் புது நரம்பு செல்கள் கூடுதலாகப் பிறப்பது 2000-இல் வெளியானது.

அப்படியானால் செல்கள் சாவதாக வரும் ஆய்வுகள்? அவையும் உண்மைதான். பெரும்பாலும் கைனிக் அமிலம், பைலோகார்பின் போன்ற மருந்துகளைச் செலுத்தி, வலிப்பை நிற்கவிடாமல் மணிக்கணக்கில் ஓடவிட்ட ஆய்வுகள் அவை. அப்படி ஓடினால் ஹிப்போகாம்பஸில் செல்கள் செத்துத்தான் போகும். இந்தச் சிகிச்சையில் அக்காவுக்கு வரப்போகும் வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். நீண்டுகொண்டே போனால் ஊசி போட்டு நிறுத்திவிடுவார்கள். மனிதர்களுக்குச் செய்வதுபோலவே மயக்க மருந்து கொடுத்துக் குரங்குகளுக்கும் செய்து, பிறகு அவற்றின் மூளையைத் துருவிப் பார்த்தார்கள். செல் இழப்பு தெரியவில்லை.

எலி சொல்வதெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தவும் பொருந்தாது. செரோட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளை வாங்கும் ஒருவகை ஏற்பி எலியில் கூடுகிறது. குரங்கிலும் மனிதரிலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் குறைகிறது! அதனால்தான் எலி ஆய்வை மட்டும் படித்துவிட்டு மனிதருக்கு முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

மறதியை மட்டும் நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஹிப்போகாம்பஸில் செல்களின் இணைப்பு வலுப்பெறுவதுதான் நினைவு பதியும் வழி என்று கருதுகிறோம். எலிக்கு அடுத்தடுத்து வலிப்பு வரும்போது இந்த இணைப்புகள் ஏற்கெனவே வலுத்து நிரம்பிவிடுகின்றன, புதிதாகப் பதிய இடம் குறைகிறது. சிகிச்சை நாட்களில் அக்காவும் காலையில் சொன்னதை மாலையில் மறக்கலாம். இது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் சிகிச்சைக்குச் சற்று முந்தைய வாரங்கள், மாதங்களின் சில நினைவுகள் திரும்பாமலே போகலாம். தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் வைத்துக் கொடுத்தால் மறதி குறைவு. எந்த முறையில் கொடுக்கப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சினிமாவில் நாலு பேர் அமுக்கிப் பிடிக்கும் காட்சியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அக்கா தூங்கிக்கொண்டிருப்பார். பல இடங்களில் ஒரு கணுக்காலில் மட்டும் பி.பி. பட்டையை இறுக்கி, தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாமல் தடுப்பார்கள். மருத்துவர் அந்தக் கால்விரல்களின் துடிப்பைப் பார்த்தபடி நொடிகளை எண்ணுவார். வெளியே தெரியும் வலிப்பு பெரும்பாலும் அவ்வளவுதான்.

குணமானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பலன் தானாக நிலைத்து நிற்பதில்லை, நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்புகிறது. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை, முக்கியமாக லித்தியமோ வலிப்பு மாத்திரையோ இருந்தால், மயக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்கு இப்போது கவலை அக்காவின் சாப்பாட்டைப் பற்றித்தான். தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ, அடுத்த சந்திப்பு தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை இரவிலும் யாராவது ஒருவர் கூடவே இருங்கள்.