டிஸ்மிஸ் ஆன சிப்பாய்க்கு என்ன வழி? கேள்வி பதில்

ராணுவத்திலிருந்து டிஸ்மிஸ் ஆனவர்களும், ஒழுங்கு நடவடிக்கையால் டிஸ்சார்ஜ் ஆனவர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சிப்பாய்களின் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக வேலை பார்த்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன். வழக்கை நடத்த வக்கீல் வேண்டும். அவரிடம் போவதற்கு முன் என்ன காகிதம் சேர்க்க வேண்டும், அதில் எதைத் தேட வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். என்னிடம் வரும் மனுக்களில் பெரும்பாலானவை குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கம் சொல்லி, நடந்த தவறை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. கஷ்டம் உண்மைதான். ஆனால் மனுவைப் பரிசீலிக்கிறவர் பார்ப்பது இரண்டே விஷயங்களை: விதிப்படி நடந்ததா, குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இருக்கிறதா.

கேள்வி (திருப்பத்தூர்): ஐயா, டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ் இரண்டும் வீட்டுக்கு அனுப்புவதுதானே? எதற்காக ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சொல்லிப் போராட வேண்டும்?

பதில்: பென்ஷனுக்காக. டிஸ்மிஸ் என்பது தண்டனையாக வேலையை விட்டு நீக்குவது, டிஸ்சார்ஜ் என்பது சேவையிலிருந்து விடுவிப்பது. 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய விதிகளில் 113ஆவது விதியைப் பாருங்கள். டிஸ்மிஸ் ஆனவருக்கு அதுவரை செய்த சேவைக்கெல்லாம் பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. அபூர்வமான நேர்வுகளில் குடியரசுத் தலைவர் விருப்புரிமையின் பேரில் வழங்கலாம், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தத் தடை இல்லை. பிந்தைய விதிகளிலும் இதே நிலைதான். பதினேழு ஆண்டு பனியிலும் பாலையிலும் நின்றவர் ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார் என்றால், அந்தக் கையெழுத்து எப்படிப் போடப்பட்டது என்று கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 23ஆவது பிரிவுப்படி, வெளியே அனுப்பப்படும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கமாண்டிங் ஆபீஸர் ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஆங்கிலத்திலும் அந்தச் சிப்பாயின் தாய்மொழியிலும் அது இருக்க வேண்டும். யார் உத்தரவால், என்ன காரணத்தால், எத்தனை காலச் சேவைக்குப் பிறகு அனுப்பப்படுகிறார் என்ற மூன்றும் அதில் இருக்கும். உங்களிடம் அது இல்லையென்றால் முதல் வேலையாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி (குடியாத்தம்): என் கணவர் 14 வருடம் 2 மாதம் சேவை செய்தார். நான்கு ரெட் இங்க் என்ட்ரி சேர்ந்துவிட்டது என்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருடம் வேண்டும் என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: செய்ய முடியும் அம்மா. இன்று வந்த கேள்விகளில் நம்பிக்கைக்கு அதிக இடம் உள்ளது உங்களுடையதுதான்.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு சிப்பாய் பெறும் தண்டனைகள் அவருடைய நடத்தைத் தாளில் ஏறும். கடுமையானவற்றைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். நான்கு சேர்ந்தால் ‘விரும்பத்தகாத சிப்பாய்’ என்று 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 13ஆவது விதியின் கீழ் வெளியே அனுப்பும் வழக்கம் உண்டு. பல யூனிட்டுகளில் இதை ஏதோ கணக்குப் பாடம் போல நடத்திவிடுகிறார்கள்: நான்கு வந்துவிட்டதா, அனுப்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ராணுவத் தலைமையகம் 28.12.1988 அன்று அனுப்பிய கடிதம் இதற்கான நடைமுறையை வகுத்திருக்கிறது. முதலில் பாரபட்சமற்ற விசாரணை ஒன்று நடக்க வேண்டும். பிறகு சிப்பாய்க்கு ஷோ காஸ் நோட்டீஸ், அதாவது ஏன் அனுப்பக்கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ், கொடுக்க வேண்டும். அவருடைய பதிலைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். அப்போதும் சேவைக்காலம் எவ்வளவு, கடினமான இடங்களில் எத்தனை காலம் நின்றார், பென்ஷனுக்கு எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பதையெல்லாம் எடைபோட வேண்டும். வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. நான்கு பதிவு என்பது மட்டுமே ஒருவரை அனுப்பப் போதாது என்று சொல்லி டிஸ்சார்ஜை ரத்து செய்தது. பென்ஷன் தகுதிக் காலம் முடியும்வரை அவர் சேவையில் இருந்ததாகக் கருத வேண்டும் என்றும், இடைப்பட்ட காலச் சம்பளம் மட்டும் கிடையாது என்றும் தீர்ப்பளித்தது.

உங்கள் கணவரின் கோப்பில் அந்த விசாரணையின் ஏடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் தேதியையும் ஷோ காஸ் நோட்டீஸின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பிறகு விசாரணை நடந்ததாக இருந்தால் முடிவை முன்பே எடுத்துவிட்டு ஏட்டைப் பின்னால் நிரப்பியிருக்கிறார்கள் என்று வாதிட இடம் கிடைக்கும். நான்கு பதிவுகளும் எந்தெந்த ஆண்டில், எதற்காக என்று எழுதுங்கள். லீவு முடிந்து நான்கு நாள் தாமதமாகச் சேர்ந்ததும், மேலதிகாரியைத் தாக்கியதும் ஒன்றல்ல.

மனுவில் மாற்றுக் கோரிக்கை ஒன்றையும் சேருங்கள். டிஸ்சார்ஜ் நிலைத்தாலும், பென்ஷனுக்கான சேவைக் குறைவு ஓராண்டுக்குள் இருந்தால் அதை மன்னிக்க அதிகாரம் உண்டு. சொந்த விருப்பத்தில் வெளியேறியவர்களுக்கு அந்த விதி பொருந்தாது. உங்கள் கணவரை அனுப்பினார்கள், அவராகப் போகவில்லை. குறைவோ பத்து மாதம்தான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்ப நீண்ட காலம் சொல்லாமல் போனவர்களின் டிஸ்சார்ஜை உச்ச நீதிமன்றம் 2019இல் கூட உறுதி செய்திருக்கிறது. பதிவுகளின் தன்மையை மறைத்து எழுதினால் அரசுத் தரப்பு அதை முதல் நாளே மேஜையில் வைத்துவிடும்.

கேள்வி (தேனி): அப்பாவைச் சம்மரி கோர்ட் மார்ஷலில் டிஸ்மிஸ் செய்தார்கள். புகார் சொன்னவரும் கமாண்டிங் ஆபீஸர், தீர்ப்பு சொன்னவரும் அவரே. இது எப்படி நியாயம்?

பதில்: தம்பி, சம்மரி கோர்ட் மார்ஷல் என்பதே கமாண்டிங் ஆபீஸர் ஒருவரே நீதிமன்றமாக அமர்வதுதான். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவராக இருந்தால் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். அதுவரை சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தன் சொந்தப் பிணக்கைத் தானே விசாரிக்க அனுமதிக்கவில்லை.

ரஞ்சித் தாக்கூர் வழக்கை உங்கள் வக்கீலிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் சிக்னல்ஸ் படையில் சிப்பாய். கமாண்டிங் ஆபீஸர் தன்னை மோசமாக நடத்துவதாக நேரே மேலதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். அதற்காக 28 நாள் கடுங்காவல். காவலில் இருக்கும்போது உணவைச் சாப்பிடச் சொன்னதற்கு மறுத்தார். கட்டளையை மீறினார் என்று குற்றச்சாட்டு எழுதப்பட்டது. எந்த அதிகாரிமேல் புகார் சொன்னாரோ அவரே நீதிமன்றத்தில் அமர்ந்தார். ஓராண்டு சிறை, டிஸ்மிஸ். 1987இல் உச்ச நீதிமன்றம் இதை முழுவதுமாக ரத்து செய்தது. இந்த நீதிமன்றத்தில் அமர்கிறவர்மேல் உனக்கு ஆட்சேபம் உண்டா என்று குற்றம்சாட்டப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது ராணுவச் சட்டத்தின் 130ஆவது பிரிவு. அந்தக் கேள்வியையே அவரிடம் கேட்கவில்லை. தண்டனையும் குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாதது என்றது நீதிமன்றம். எல்லாப் பணப் பயன்களோடும் அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்.

அப்பாவின் வழக்கு ஏட்டின் நகலை 147ஆவது ராணுவ விதியின் கீழ் கேளுங்கள். கிடைத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். குற்றச்சாட்டைத் தெரிவித்த நேரத்துக்கும் விசாரணை தொடங்கிய நேரத்துக்கும் இடையே 96 மணி நேரம் இருந்ததா? போர்ப்பணியில் இருந்திருந்தால் 24 மணி நேரம் போதும். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தால், அதன் விளைவு அவருக்கு விளக்கப்பட்டதா? அந்தப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறதா? அச்சடித்த படிவத்தில் ‘குற்றவாளி’ என்று மட்டும் நிரப்பி, கையெழுத்துக்கான இடம் வெறுமையாகக் கிடக்கும் ஏடுகளை நான் கண்டிருக்கிறேன். அத்தகைய ஒப்புதலை நீதிமன்றங்கள் நம்ப மறுத்ததும் உண்டு.

தீர்ப்புக்கு எதிராக அதே சட்டத்தின் 164ஆவது பிரிவில் மேலதிகாரிகளுக்கு மனு கொடுக்கலாம். அடுத்தது, படையினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அதற்கு மேல்முறையீட்டு அதிகாரம் தருகிறது. குற்றம் நிலைத்தாலும் தண்டனை மிகையானது என்று கண்டால் அதைக் குறைக்கலாம், வேறு இலேசான தண்டனையாக மாற்றலாம். டிஸ்மிஸ் டிஸ்சார்ஜாக மாறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கேள்வி (வேலூர்): அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. ‘டெசர்ட்டர்’ என்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு போனேன், சேர்க்கவில்லை.

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம்.

ராணுவச் சட்டத்தில் அனுமதியின்றி இல்லாமல் போவது 39ஆவது பிரிவு. படையை விட்டு ஓடிப்போவது 38ஆவது பிரிவு. திரும்பி வரும் எண்ணம் இருந்ததா என்பதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு. 30 நாள் கடந்ததும் விசாரணை நடத்தி ஓடிப்போனவராகக் கருதுவது வழக்கமான நடைமுறை. உண்மையில் எண்ணம் என்ன என்பதற்கு அது முடிந்த முடிவு ஆகாது.

ஆகவே திரும்பிப் போக நினைத்தீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். லீவு நீட்டிப்புக் கேட்டு எழுதினீர்களா? ரிஜிஸ்டர் தபால் ரசீது, திரும்பி வந்த அக்னாலட்ஜ்மென்ட் கார்டு எதுவானாலும் தேடுங்கள். வீட்டுப் பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும் அந்த அட்டையின் தபால் முத்திரைத் தேதி, பத்துப் பக்க வாக்குமூலத்தைவிட வலுவானது. ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், நீங்களாகவே போய்ச் சரணடைந்ததற்கான காகிதம் ஆகியவையும் வேண்டும். கோர்ட் மார்ஷல் இல்லாமல் 20ஆவது பிரிவில் டிஸ்மிஸ் செய்திருந்தால், ராணுவ விதிகளில் 17ஆவது விதிப்படி முன்கூட்டியே காரணம் தெரிவித்து எழுத்தில் பதில் கேட்டிருக்க வேண்டும். அது சாத்தியமில்லை என்றால் அப்படியென்று அதிகாரி சான்றளித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உங்கள் மனுவின் முதல் பத்தி அதுதான்.

கேள்வி (மதுரை): தம்பி எல்லையிலிருந்து வந்த பிறகு ஆளே மாறிப்போனான். குடி, சண்டை, காணாமல் போவது. ஒழுங்கீனம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மனநல மருத்துவர் இது பழைய நோய் என்கிறார்.

பதில்: இந்த மாதிரிக் கடிதங்கள்தான் என்னை மிகவும் வருத்துகின்றன. நோயாளியைத் தண்டிப்பது படைக்கும் அழகல்ல.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லையானால் அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கருத வேண்டும். சேவையால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. அது ஊனமுற்றோர் பென்ஷன் பற்றிய தீர்ப்பு. தம்பியின் வழக்கில் ஒழுங்கு நடவடிக்கையை முதலில் தாண்ட வேண்டும். அதற்கு, தண்டனைகளின் தேதிகளையும் ராணுவ மருத்துவமனைக்குப் போன தேதிகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். எல்லைக்குப் போகும்முன் ஒரு தண்டனையும் இல்லை, வந்த பிறகு தொடர்ந்து தண்டனைகள் என்றால் அந்தத் தாளே பேசும். இப்போதைய மருத்துவர், நோய் எப்போது தொடங்கியிருக்கும் என்பதைக் காரணத்தோடு எழுதித் தர வேண்டும்.

கேள்வி (சென்னை): அமெரிக்காவில் டிஸ்சார்ஜை உயர்த்தித் தர தனி வாரியமே இருக்கிறதாமே?

பதில்: ஆம். அங்கே வெளியேறிய 15 ஆண்டுகளுக்குள் மறுஆய்வு வாரியத்திடம் கேட்கலாம். உயர்நிலை ராணுவ நீதிமன்றமான ஜெனரல் கோர்ட் மார்ஷலின் தண்டனையை மட்டும் அந்த வாரியம் தொடாது. போர் அதிர்ச்சியால் மனநலம் கெட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2014இலும் 2017இலும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் எழுத்தில் வழிகாட்டுதல் தந்தது. நம்மிடம் அப்படி ஒரு வாரியம் இல்லை. மேலதிகாரிகளுக்கு மனு, பிறகு தீர்ப்பாயம், இவ்வளவுதான். மதுரைக் கடிதம் எழுதியவரின் தம்பியைப் போன்றவர்களுக்காகவாவது நமக்கும் ஒரு வாரியம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (தர்மபுரி): என் கணவர் டிஸ்மிஸ் ஆகி 27 வருடம். அவரும் இறந்துவிட்டார். நான் மனுப் போடலாமா?

பதில்: போடலாம் அம்மா. சேவை தொடர்பான விஷயங்களில் சார்ந்திருப்போருக்கும் வாரிசுகளுக்கும் தீர்ப்பாயச் சட்டம் பொருந்தும். தாமதம்தான் பெரிய தடை. இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம் என்பது பொது விதி. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவது தொடரும் தவறு என்று வாதிடுவார்கள். ஆனால் டிஸ்மிஸ் என்பது ஒரே நாளில் முடிந்த செயல் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதில் வலு உண்டு. வென்றாலும், 2008ஆம் ஆண்டின் தர்சேம் சிங் தீர்ப்புப்படி நிலுவைத்தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான்.

பென்ஷன் இல்லாதவர்களின் கோப்புகளை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். சிப்பாய்களின் அடிப்படை விவரங்கள் உள்ள ‘லாங் ரோல்’ பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மற்றதற்கு வீட்டில் இருக்கும் காகிதங்களே ஆதாரம்.

கேள்வி (விழுப்புரம்): சில வருடம் போனால் டிஸ்மிஸ் தானாகவே டிஸ்சார்ஜாக மாறிவிடும் என்கிறார்கள். ஒருவர் பணம் கொடுத்தால் ரெக்கார்டையே மாற்றித் தருவதாகவும் சொல்கிறார்.

பதில்: தானாக எதுவும் மாறாது. அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி (சேலம்): தீர்ப்பாயம் என் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. இதோடு முடிந்ததா?

பதில்: இல்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போக அனுமதி கேட்கலாம். அதற்குப் பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருக்க வேண்டும் என்பதால் தனிமனிதர் வழக்குகளில் அந்தக் கதவு குறுகலானது. அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகுவது தடைபடவில்லை என்று 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். நீங்கள் காட்டிய காகிதங்களில் எதைப் பற்றி அந்த உத்தரவு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று கோடிட்டு, அந்தப் பக்கங்களோடு வக்கீலைப் பாருங்கள்.