பழைய ஹோண்டா எல்சினோரை வீட்டுப் பட்டறையில் மீட்டெடுக்க எங்கிருந்து தொடங்குவது?

1973-இல் வெளிவந்த சிஆர்250எம் எல்சினோர் என்ற மோட்டோகிராஸ் பைக்கை வாங்கியவர்கள் பலர் பெயின்ட்டில்தான் தொடங்குகிறார்கள். நீங்கள் கிராங்க் ஆயில் சீல்களில், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களில், தொடங்குங்கள். இந்த 248 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல்-ஆயில் கலவை கிராங்க் கேஸ் (கிராங்க் சுழலும் அறை) வழியாகவே சிலிண்டருக்குச் செல்வதால், நெடுநாள் ஓடாமல் நின்று இறுகிப்போன மேக்னெட்டோ பக்க சீல் வழியே வெளிக்காற்று புகுந்தால், கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போயிருந்தாலோ, கியர் ஆயில் உறிஞ்சப்பட்டுப் புகை மண்டும்.

சீல்களைச் சோதிக்க, இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளை அடைத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியே சுமார் 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து, சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி எழும் இடத்தில்தான் கசிவு இருக்கிறது. டேங்க் அலுமினியத்தால் ஆனது. துருப்பிடிக்காது என்றாலும், சுத்தம் செய்வதாக எண்ணி அதில் காஸ்டிக் சோடாவை ஊற்றினால் அரித்துவிடும்.