வாசகர் கேள்வி–பதில்: கதை ஒன்றுதான், ஆட்டம் வேறு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ‘ஸ்டெப் அப்’ என்ற அமெரிக்க நடனப் பட வரிசையை விடுமுறை முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் உடன் அமர்ந்து மூன்று பாகங்களைப் பார்த்தேன். ஏழை ஒரு பக்கம், வசதி ஒரு பக்கம், இடையில் ஒரு மனத்தாங்கல், முடிவில் ஒரு பெரிய ஆட்டம். மூன்றிலும் இதுதானே கதை? பிள்ளைகளை இதில் எதுதான் இப்படி இழுக்கிறது?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: தாங்கள் சொல்வது சரிதான், அம்மா. கதை ஒன்றுதான், அந்தப் படங்களும் அதை மறைக்க முயலவில்லை. துகிலுரிதல் எப்படி முடியும் என்பது தெரிந்தும் தெருக்கூத்துக் களத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் கதை கேட்கவா உட்கார்ந்திருக்கிறார்கள்? இன்றைக்கு வேடம் கட்டியவர் எப்படி அடவு பிடிக்கிறார் என்று பார்க்கத்தான். தங்கள் மகளும் அப்படித்தான் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

2006இல் வந்த முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். பால்டிமோர் நகரில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் டைலர், நண்பர்களுடன் ஒரு கலைப் பள்ளியின் அரங்கிற்குள் புகுந்து மேடையில் இருந்தவற்றை உடைத்துவிட்டு, அதற்குத் தண்டனையாக 200 மணி நேரம் அதே பள்ளியில் துடைப்பமும் கையுமாக வேலை செய்ய வருகிறான். அங்கே படிக்கும் நோராவுடன் ஆட வேண்டிய பையனுக்குக் கால் அடிபட்டுவிட, டைலர் அந்த இடத்திற்கு வருகிறான். அவனிடம் பணமில்லை, படிப்பில்லை, சிபாரிசு செய்ய ஆளில்லை. ஆனால் ஆடத் தொடங்கிய அரை நிமிடத்தில் அவன் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வளரும் பிள்ளைகளின் மனத்தைப் பிடிப்பது அந்த அரை நிமிடம்தான். அந்த வயதில் மதிப்பெண் போடுகிறவர்கள், ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள், வேண்டாம் என்று தடுப்பவர்கள் எல்லோரும் பெரியவர்களாக இருக்கிறார்கள். தன் கையும் காலுமோ திடீரென்று நீண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கூச்சம் தருகின்றன. அந்தக் கைகால்கள் ஒருநாள் சொன்னபடி கேட்கும், கூட்டம் விலகி வட்டமாக நின்று பார்க்கும் என்ற நம்பிக்கையை இந்தப் படங்கள் கொடுக்கின்றன. சிறுபிள்ளைத்தனமென்று அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

2008இல் வந்த இரண்டாம் பாகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆண்டி என்ற பெண்ணைப் பழைய குழு விலக்கிவிடுகிறது. பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாத மாணவர்களைத் தேடிப்பிடித்து அவள் தன் சொந்தக் குழுவைக் கட்டுகிறாள். அதில் மூஸ் என்று ஒரு சுருள்முடிப் பையன். கதாநாயகனுக்குரிய தோற்றம் எதுவும் இல்லாத அவன்தான், அடுத்து வந்த மூன்று பாகங்களிலும் தொடர்ந்து வந்து வரிசையின் செல்லப்பிள்ளை ஆனான். ‘உங்களுக்கு இங்கே இடமில்லை’ என்று கூட்டம் சொன்ன பிறகு, அந்தக் குழு வெளியே கொட்டும் மழையில் ஆடும் கடைசிக் காட்சியை மட்டும் மகளுடன் இன்னொரு முறை பாருங்கள். நனைந்த தரையில் கால் பதியும்போது தெறிக்கும் தண்ணீரும் தாளத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. வழுக்கினால் விழ வேண்டியதுதான் என்பது பார்ப்பவர் உடம்புக்கே தெரியும்; மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அதனால்தான்.

கேள்வி: இந்த வகைப் படங்களைத் தொடங்கிவைத்தது ‘ஸ்டெப் அப்’தானா?
– கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: இல்லை. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களை வைத்து ‘பிரேக்கின்’ என்ற படம் மே மாதம் வந்து, அதன் இரண்டாம் பாகம் அதே ஆண்டு டிசம்பரிலேயே வந்துவிட்டது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியை மையமாக வைத்த ‘பீட் ஸ்ட்ரீட்’ படமும் அந்த ஆண்டுதான் வெளியானது.

படங்களுக்கு முன்பே இருந்தது தெரு. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த ஒரு விருந்தைத்தான் ஹிப் ஹாப் என்ற தெரு இசை, நடனக் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றியவர், ஜமைக்காவிலிருந்து குடியேறிய டிஜே கூல் ஹெர்க். பாட்டும் மற்ற வாத்தியங்களும் நின்று, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்தார். அதே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றொன்றில் தொடங்கி, அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். அந்த இடைவெளிக்குப் பெயர் ‘பிரேக்’. அதில் ஆடப்பட்டதால் அது பிரேக் டான்ஸ். வசதியற்ற கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய கலை இது. பிற்காலத்தில் பெரிய நிறுவனங்கள் எடுத்த பல படங்கள் அவர்களைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டு வெள்ளையின நாயகனையும் நாயகியையும் முன்னால் நிறுத்தின என்ற குறையை நான் முழுமையாக ஏற்கிறேன். 2004இல் வந்த ‘யூ காட் சர்வ்ட்’, 2007இல் வந்த ‘ஸ்டாம்ப் தி யார்ட்’ ஆகிய இரண்டிலும் கறுப்பின இளைஞர்களே நாயகர்கள். அவற்றையும் அவசியம் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் பாகம் என்றாலே சரக்கு குறைந்துவிடும் என்பார்கள். அப்படியிருக்க, இந்தப் படங்கள் ஐந்து பாகம்வரை எப்படி ஓடின?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: வசூல் கணக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது, ஐயா. முதல் ‘ஸ்டெப் அப்’ சுமார் 1.2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகம் முழுவதும் 11 கோடிக்கு மேல் ஈட்டியது. அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 6.5 கோடி, வட அமெரிக்காவில் வந்தது. 2010இல் வந்த மூன்றாம் பாகம் 16 கோடியை நெருங்கியபோது, வட அமெரிக்காவின் பங்கு சுமார் 4.2 கோடிதான். சொந்த நாட்டில் கூட்டம் குறைந்துகொண்டே போக, வெளிநாட்டுக் கூட்டம் அவற்றைத் தாங்கிப் பிடித்தது. வசனம் புரியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாத படங்கள் இவை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்று, ஊர் மாறுவது. பால்டிமோர், நியூயார்க், மயாமி, லாஸ் வேகாஸ் என்று களம் மாறும்போது தரை மாறுகிறது, தரை மாறும்போது ஆட்டம் மாறுகிறது. 2012இல் வந்த நான்காம் பாகம் மயாமியின் கடற்கரைச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, கார்களின் மேலேயே ஆடித் தொடங்குகிறது. அதன் கதை, ஏழைகள் வாழும் பகுதியை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் எழுப்ப வரும் முதலாளியை ஆடியே எதிர்ப்பது. 1984இன் இரண்டாவது ‘பிரேக்கின்’ படத்திலும் இடிக்கப்படவிருக்கும் ஒரு சமூகக் கூடத்தை ஆடித்தான் காப்பாற்றுகிறார்கள். 28 ஆண்டுகள் கழித்தும் அதே கதைக்கு வேலை இருந்ததென்றால், நகரங்களில் அதே இடிப்பு தொடர்ந்ததும் ஒரு காரணம்.

கேள்வி: தமிழில் ஏன் இப்படி ஒரு வரிசை இல்லை?
– வாசகி, ஈரோடு

பதில்: நம் படங்களில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது பாட்டு முடியும்போது முடிந்துவிடும். குழுவே நாயகனாக இருக்கும் படத்தை இந்தியில் ரெமோ டிசோசா 2013இல் ‘ஏபிசிடி’யாக எடுத்தபோது, அதில் நடன ஆசிரியராக நடித்தவர் நம் பிரபுதேவா. அது ‘ஆடலாம் பாய்ஸ் சின்னதா டான்ஸ்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. இரண்டாம் பாகம் 2015இல் வெளியானது.

கேள்வி: ஒரே ஒரு காட்சிதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
– பள்ளி மாணவன், விருதுநகர்

பதில்: தம்பி, மூன்றாம் பாகத்தில் மூஸும் கமீலும் நியூயார்க் தெருவில் ஆடும் காட்சியைப் பார். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நண்பர்கள். அருகே நிற்கும் ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து, அந்தக்கால ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் பாடிய பழைய பாட்டு, புதிய தாளத்தோடு. இந்தப் படங்களில் பெரும்பாலான ஆட்டங்களைக் கண் இமைக்கும் நேரத்தில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஆடுகிறவரின் திறமையா, எடிட்டரின் திறமையா என்றே தெரியாது. எனக்கு இவற்றில் உள்ள பெரிய மனக்குறை அதுதான். இந்தக் காட்சியிலோ வெட்டே கிடையாது. கேமரா பின்னாலேயே நடந்து போக, இருவரும் தெரு நெடுக ஆடிக்கொண்டே போகிறார்கள். கடைசி நொடியில் கால் தவறியிருந்தால் முதலிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

அஸ்டேரின் பாட்டு அங்கே தற்செயலாக வந்ததல்ல என்பது என் ஊகம். தலை முதல் பாதம்வரை முழு உடலும் தெரிய வேண்டும், முடிந்தவரை வெட்டக் கூடாது என்று 1930களிலேயே பிடிவாதம் பிடித்தவர் அவர். 1951இல் ‘ராயல் வெட்டிங்’ படத்தில், அறையையே சுழலவிட்டு அவர் சுவரிலும் கூரையிலும் ஆடியதைத்தான் 1984இன் இரண்டாவது ‘பிரேக்கின்’ படத்தில் டர்போ என்ற இளைஞன் ஆடினான். முதலில் மூஸைப் பார்; பிறகு டர்போ, பிறகு அஸ்டேர். மூவரின் பாதங்களையும் கவனி.