கணையத்தில் நீர்க்கட்டி: எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

கேள்வி: என் வயது 61. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று அறிய வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தபோது, கணையத்தில் ஏதோ தெரிவதாகச் சொல்லி சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் 18 மி.மீ. அளவில் நீர்க்கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வேண்டும் என்கிறார் மருத்துவர். சி.டி.யில் தெரிந்துவிட்ட ஒன்றுக்கு இன்னொரு ஸ்கேன் எதற்கு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சி.டி. ஸ்கேன் உங்களுக்குச் சொன்னது, கட்டி இருக்கிறது என்பதை மட்டும்தான். அது எந்த வகைக் கட்டி என்பதைப் பொறுத்தே அடுத்து என்ன செய்வது என்பது அமையும். கணைய நீர்க்கட்டிகளில் சில, தெளிந்த நீர் நிரம்பிய சிறு அறைகள் தேன்கூடு போல அடுக்கியவை. இவை புற்றுநோயாக மாறுவது மிக அரிது. வேறு சில, சளி போன்ற பசைத்திரவத்தைச் சுரப்பவை. இவற்றில் ஒரு பகுதி ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றுநோயாக மாறக்கூடும். பசைத்திரவக் கட்டிகளிலும் இரண்டு உண்டு. ஒன்று கணையக் குழாயிலிருந்தே கிளைத்து, குழாயோடு தொடர்புடன் இருப்பது. மற்றொன்று குழாயோடு தொடர்பில்லாமல், பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு, கணையத்தின் உடல் அல்லது வால் பகுதியில் தனித்து வளர்வது.

இந்தத் தொடர்பைக் காட்டுவதில்தான் எம்.ஆர்.ஐ. முந்துகிறது. அதன் ஒரு பகுதியான எம்.ஆர்.சி.பி. என்னும் முறையில், அசையாமல் தேங்கி நிற்கும் திரவம் மட்டும் வெண்மையாக ஒளிர, சுற்றியுள்ளவை இருண்டுவிடும். வாய்க்காலும் குளமும் நிறைந்த ஊரில் வாழும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது: கணையக் குழாய் வாய்க்கால், நீர்க்கட்டி குளம், வாய்க்காலிலிருந்து குளத்துக்கு மடை திறந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.சி.பி. காட்டும். சி.டி.யில் கட்டி தெரியும். அந்த மெல்லிய மடையும், கட்டிக்குள் இருக்கும் நுண்ணிய தடுப்புச் சுவர்களும் பல நேரங்களில் தெரியாமல் போகும். தேன்கூட்டு வகைக் கட்டி, அறைகள் மிகச் சிறியவையாக இருப்பதால், சி.டி.யில் கெட்டியான சதைக்கட்டி போலத் தோன்றி அச்சுறுத்துவதும் உண்டு. வயிற்றின் மேலிருந்து எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டைப் பொறுத்தவரை, கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருப்பதாலும் குடலில் உள்ள வாயு மறைப்பதாலும், அதை முழு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ள முடியாது.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மருத்துவர் தேடுவது சில அளவுகளை. கணையத்தின் முக்கியக் குழாய் 5 முதல் 9 மி.மீ. வரை விரிந்திருந்தால் எச்சரிக்கை, 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால், அல்லது கட்டியின் உட்சுவரில் 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட சதைமுளை இருந்து அது கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் (படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்கும் மருந்து) ஒளிர்ந்தால், அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நிலை. தலைப்பகுதிக் கட்டியோடு மஞ்சள்காமாலை வருவதும் இதே வரிசையில் சேரும். கட்டி 3 செ.மீ. அளவை எட்டுவது எச்சரிக்கைக் குறியே தவிர, அதுமட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. உங்கள் கட்டி 18 மி.மீ. என்பது ஆறுதலான செய்தி என்றாலும், மற்றவற்றையும் பார்த்த பிறகே அந்த ஆறுதல் முழுமை பெறும்.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய கட்டியைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சி.டி. எடுத்தால் எக்ஸ்ரே கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும், எம்.ஆர்.ஐ.யில் அது இல்லை. முதல் ஸ்கேனும் பிந்தைய ஸ்கேனும் ஒரே முறையில் இருந்தால்தான் வளர்ச்சியைச் சரியாக ஒப்பிட முடியும். எனவே ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டைத் தொலைத்துவிடாதீர்கள், இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பேஸ்மேக்கர் இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, மூடிய இடத்தில் அச்சம் ஏற்படும் என்றாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சை அடக்க இயலாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. படம் கலங்கிவிடும், அவர்களுக்கு, கணையத்துக்கென்றே திட்டமிட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேனே மேலானது.

கேள்வி: என் தந்தைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாயிற்று. இப்போது வாய் வழியாகக் குழாய் செலுத்தி, கட்டியில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இது எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட். குழாயின் நுனியில் உள்ள ஸ்கேன் கருவி இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் உள்ளிருந்தே கணையத்தைப் பார்ப்பதால், இடையில் கொழுப்போ வாயுவோ மறைப்பதில்லை. எம்.ஆர்.ஐ.யில் ஐயத்துக்கிடமாகத் தெரிந்த புள்ளி, உண்மையான சதைமுளையா அல்லது உறைந்த பசையா என்பதை இது பிரித்துக் காட்டும். சதைமுளைக்கு இரத்த ஓட்டம் இருக்கும், பசைக்கு இராது. ஆனால் இம்முறை, செய்பவரின் கைத்தேர்ச்சியை மற்ற ஸ்கேன்களைவிட அதிகமாகச் சார்ந்தது. எனவே அனுபவம் மிக்க மையத்தில் செய்துகொள்வது நல்லது.

எடுத்த நீரில் சி.இ.ஏ. என்னும் புரதம் ஒரு மி.லி.க்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தாலோ, குளுக்கோஸ் 100 மி.லி.க்கு 50 மி.கி.க்குக் கீழ் இருந்தாலோ, அது பசைத்திரவ வகை என்ற கணிப்பு வலுப்பெறும். இவை கட்டியின் வகையைத்தான் சொல்லும். புற்றுநோய் உண்டா என்பதைச் சொல்லமாட்டா. நீரில் செல்கள் மிகக் குறைவாகவே கிடைப்பதால், 'புற்றுநோய்ச் செல்கள் இல்லை' என்ற முடிவையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

பரவல் பற்றிய உங்கள் அச்சம் அடிப்படையற்றதன்று. ஜப்பானிய மருத்துவர்கள் இந்தக் காரணத்துக்காகவே நீர் எடுப்பதில் நீண்ட காலமாகத் தயக்கம் காட்டி வந்துள்ளனர். ஆயினும் அவ்வாறு நேர்வது மிக அரிது. கணைய அழற்சி, இரத்தக்கசிவு, தொற்று ஆகியவையே கவனிக்க வேண்டிய சிக்கல்கள். அவையும் சிலருக்கே வரும். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, 'இந்த நீரின் முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா?' என்பதே. அறுவை தேவை என்பது ஏற்கெனவே தெளிவாகியிருந்தாலோ, தேன்கூட்டு வகை என்பது படத்திலேயே உறுதியாகியிருந்தாலோ, பெரும்பாலும் ஊசி தேவைப்படாது.

கேள்வி: கணைய அழற்சியால் மருத்துவமனையில் இருந்த என் மகனுக்கு இப்போது கணையத்தில் நீர்க்கட்டி. இதுவும் அதே வகையா?
– வாசகி, சேலம்

பதில்: அழற்சிக்குப் பிறகு, கசிந்த கணைய நீர் தேங்கி உருவாகும் பொய்க்கட்டியாக இருக்கலாம். அதற்கு உள்தோல் கிடையாது, புற்றுநோயாக மாறாது. பல தானாகவே வற்றிவிடும். இங்கே சி.டி.யின் பயன் பெரிது: அழற்சியின் பரவலையும் இரத்தக் குழாய்களின் நிலையையும் விரைவாகக் காட்டும். தென்னிந்தியாவில் இளம் வயதினரிடமும் காணப்படும் நாள்பட்ட கணைய நோயில் படியும் சுண்ணாம்புக் கற்களும் அதில்தான் தெளிவாகத் தெரியும். கட்டிக்குள் இருப்பது வெறும் நீரா, அழுகிய திசுத் துண்டுகளும் உண்டா என்பதற்கு மட்டும் எம்.ஆர்.ஐ. மேலானது. அழற்சி வருவதற்கு முன் எடுத்த ஏதேனும் வயிற்று ஸ்கேன் இருந்தால் தேடிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்போதே கட்டி இருந்திருந்தால், அது அழற்சியின் விளைவாக இருக்க முடியாது. குழாயை அடைத்து அழற்சியை உண்டாக்கியதே அந்தக் கட்டியாக இருக்கலாம்.