மலையேற்றத்துக்குத் தோல் பூட்ஸ் வாங்கலாமா? உண்மையிலேயே பல வருடம் உழைக்குமா?

கேள்வி கேட்டவர் ஜனவரியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறார். கடையில் துணி பூட்ஸ், தோல் பூட்ஸ் இரண்டையும் காட்டியிருக்கிறார்கள். தோலில் விலையும் அதிகம், எடையும் அதிகம். ஆனால் "வாழ்நாள் முழுக்க உழைக்கும் சார்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, காலுக்கு வசதியாக இருக்குமா என்பதுதான் கேள்வி.

என்னிடம் இருக்கும் ஜோடி 2013-இல் வாங்கியது. அடிப்பாகமான சோலை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். நாடா மாட்டும் கொக்கிகள் துருப்பிடித்து அவற்றையும் ஒரு தடவை மாற்றினேன். நாடா எத்தனை வாங்கினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மேல்தோல் மட்டும் வாங்கியபோது இருந்த அதே தோல். இதை வைத்துப் பார்த்தால் கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் தோல் உழைப்பது வேறு, பூட்ஸ் உழைப்பது வேறு. நடுவில் பசை இருக்கிறது, தையல் இருக்கிறது, சோல் இருக்கிறது, நாம் அதை வீட்டில் எங்கே வைக்கிறோம் என்பதும் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல நினைக்கிறேன்.

தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தது. ஆம்பூரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருடம் வேலை பார்த்தவர். கடையில் எந்த ஷூவை எடுத்தாலும், விரல்களுக்கு மேலே மடங்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். நுணுக்கமான சின்னச் சுருக்கங்களாக விழுந்தால் நார் இறுக்கமான தோல், பெரும்பாலும் மாட்டின் முதுகுப் பகுதி. பெரிய அலைகளாக, மேல்படலம் தனியே எழும்புவது போல வந்தால் வயிற்றுப் பகுதியாக இருக்கும். அது சீக்கிரம் தொளதொளத்துவிடும், நாளாக நாளாக மடிப்பில் வெடிக்கும்.

அடுத்து, பூட்ஸின் நாக்கு, அதாவது நாடாவுக்கு அடியில் இருக்கும் தோல் பட்டை, அதன் ஓரத்தைப் பாருங்கள். தோலை வெட்டிய விளிம்பு மறைக்காமல் தெரியும் இடம் அதுதான். முழுக்க நார்நாராக இருந்தால் நல்லது. மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியது போல ஒரு பளபளப்பான படலம் தெரிந்தால், கீறல்களை மறைக்க மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'ஃபுல் கிரெயின்' என்றால் அந்த மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டது. நார்கள் மிக நெருக்கமாகப் பின்னியிருப்பது அங்கேதான், அதனால் பலமும் அங்கேதான். நுபக் என்பது அதே மேற்பரப்பை லேசாக உரசி மெத்தென்று ஆக்கியது; அதுவும் நன்றாக உழைக்கும். ஸ்வேட் பெரும்பாலும் தோலைப் பிளந்தபின் கிடைக்கும் அடிப்பகுதி. தொட இதமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். தடிமனும் முக்கியம். ஆபீஸுக்குப் போடும் ஷூவில் தோல் 1.2 அல்லது 1.4 மில்லிமீட்டர் இருக்கும். மலைக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். கனமான பூட்ஸில் 2.8 வரை போகும். அப்புறம் தையல். தண்ணீர் புகுவதும் முதலில் பிரிவதும் தையல் இருக்கும் இடம்தான் என்பதால், எவ்வளவு குறைவான துண்டுகளில் தைத்திருக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

சரி, வசதிக்கு வருவோம். புதுத் தோல் பூட்ஸ் வசதியாக இருக்காது. முதல் இரண்டு வாரம் கடிக்கும். குதிகாலுக்கு மேலேயும் சுண்டுவிரல் பக்கமும் கட்டாயம் உரசும். காலின் சூட்டிலும் வியர்வையிலும் தோல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, உங்கள் பாதத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிய வேண்டும். துணி பூட்ஸ் முதல் நாளே இதமாக இருக்கும், கடைசி நாள் வரை அப்படியேதான் இருக்கும். தோல் அப்படியில்லை, போடப் போடத்தான் உங்களுடையதாகும். என்னுடையது இன்று எனக்குச் செருப்பு போல இருக்கிறது. அதே அளவுக் கால் உள்ள என் தம்பியால் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைகூடப் போக முடியவில்லை.

அப்படிப் படிவதற்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டராவது நடக்க வேண்டும். நான் முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஞாயிறு காலைகளில் பரங்கிமலைப் படிகளில், முதுகுப் பையில் ஐந்தாறு கிலோ அரிசியை வைத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். எங்கே சூடாக உரசுகிறதோ அங்கே கொப்புளம் வருவதற்கு முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். புது பூட்ஸை நேராக மலைக்குப் போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள். கேதார்காந்தாவில் கடைசி நாள் விடிவதற்கு முன்பே கிளம்பி, பனியில் செங்குத்தாக ஏறி, சுமார் 12,500 அடி உயரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். குதிகாலில் கொப்புளத்தோடு அந்த நாள் பெரிய வேதனையாகிவிடும்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் பலர் தவறுவது இங்கேதான். தோல் அகலவாட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. முன்பக்கம் இடித்தால் எத்தனை வருடம் போட்டாலும் இடிக்கும். கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், மலையில் போடப்போகும் அதே தடித்த கம்பளி சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நாடாவைத் தளர்த்தி, விரல்கள் முன்னால் தொடும் வரை காலைத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். ஏறும்போது இது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள். அளவு சரியில்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய், ஒரு மாதத்தில் விழுந்துவிடும்.

இன்னொன்று அகலம். வெளிநாட்டு பூட்ஸ் பலவும் ஒடுக்கமான பாதத்துக்கு ஏற்ற அச்சில் செய்தவை. வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நமக்கு முன்பாதம் விரிந்திருக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்தார்கள். ஷூ போட்டே வளர்ந்தவர்களைவிட இவர்களின் பாதம் அகலமாக இருந்தது. நடக்கும்போது அழுத்தமும் ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழுந்தது. ஆகவே கடையில் "ஒரு சைஸ் பெரிசா போட்டுக்குங்க" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீளம் கூடும், குதிகால் உள்ளே ஆடும், ஆடினால் கொப்புளம். அதே நீளத்தில் அகலமான அச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

இனி உழைப்பு. இதை நான் பொதிகை மலையில் கற்றுக்கொண்டேன். ஒரு ஜனவரியில் நான்கு பேர் கேரளப் பக்கமிருந்து, போணக்காடு வழியாக அகத்தியர்கூடம் போனோம். நண்பர் ஒருவர் அருமையான தோல் பூட்ஸ் போட்டு வந்தார். அவருடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு தடவைதான் போட்டிருந்தாராம், எட்டு வருடம் பெட்டியிலேயே, வேளச்சேரி வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது. மேல்தோல் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் வலது சோல் பாதி கழன்று தொங்கியது. அடுத்த அரை மணியில் இடதும் போயிற்று. கையில் எடுத்துப் பார்த்தால், சோலுக்கும் தோலுக்கும் நடுவில் இருந்த மெத்தை, ஊறிய ரொட்டி போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு அதிருமலை முகாம் வரை நடந்தார். மறுநாள் உச்சிக்கு அவர் வரவில்லை. அனுமதிக்காக அவ்வளவு அலைந்து, அவ்வளவு ஆசையோடு வந்தவர். இன்னமும் எனக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது.

நடந்தது இதுதான். பல பூட்ஸில் அந்த நடு மெத்தை பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்தது. நன்றாக அதிர்ச்சி தாங்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே புகுந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால், போடாமல் மூடி வைப்பதுதான் மோசம்; நடக்கும்போது உள்ளே தேங்கிய ஈரம் கொஞ்சம் வெளியேறும் என்கிறார்கள். சென்னை மாதிரி வருடம் முழுக்கப் புழுங்கும் ஊரில், பரணில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்த பூட்ஸுக்கு ஐந்து முதல் பத்து வருடம்தான் ஆயுள், மேல்தோல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும். அதனால் தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்கும்போது தயாரித்த தேதியைக் கேளுங்கள். வீட்டில் இருப்பதை மலைக்கு எடுத்துப்போகும் முன் சோலை வளைத்து, நடு மெத்தையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ போடாதீர்கள்.

என்னுடையது தப்பித்ததற்குக் காரணம், அதில் அந்த மெத்தை இல்லை. தோலும் ரப்பரும் அடுக்கி, ஓரத்தில் 'வெல்ட்' என்ற தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்தது. தைத்த சோலைப் பிரித்துப் புதிது போடலாம். பசையால் மட்டும் ஒட்டியதில் அது சிரமம், பலர் செய்துதரவே மாட்டார்கள். 2017-இலும் 2022-இலும் பெரியமேட்டில் ஒரு பெரியவரிடம் கொடுத்து மாற்றினேன். தையலைத் தொடும் முன்பு பழைய சோலின் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, வலது காலை வெளிப்பக்கம் சாய்ச்சு வைக்கிறீங்க" என்றார். அன்றிலிருந்து இறங்கும்போது கவனிக்கிறேன், அவர் சொன்னது சரி.

சோலின் அருமைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1935-இல் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் ஆல்ப்ஸில் இறந்தார்கள். அன்றைய பூட்ஸ் எல்லாம் தோல்தான், அடியில் ஆணி அடித்தது. பனிக்கும் பாறைக்கும் அது போதவில்லை என்று உணர்ந்து, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை 1937-இல் அவர் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் விப்ரம் என்ற பெயர். 1954-இல் கே2 சிகரத்தை முதலில் தொட்ட இத்தாலியர்கள் போட்டிருந்தது அந்த சோல்தான்.

பராமரிப்பில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் ஒரு முகாமில், நனைந்த பூட்ஸை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் முன்பக்கம் மரக்கட்டை மாதிரி இறுகி, மேலே ஒரு கீறல். ஊருக்குப் போனதும் அப்பா அதைத் தடவிப் பார்த்து, "நெருப்புகிட்ட வெச்சியாடா?" என்றுதான் கேட்டார். ஈரத்தோடு சூடேறினால் தோலின் நார்கள் சுருங்கிவிடும், சுருங்கியது திரும்ப நீளாது. காய வைக்க நிழலும் மின்விசிறியும் போதும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த பூட்ஸ் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. சேற்றைக் கழுவி, ஆறு நாள் இப்படித்தான் காய வைத்தேன். பிறகு தேன்மெழுகு கலந்த பாலிஷை விரலாலேயே தேய்த்தேன். கொக்கிகள்தான் துருப்பிடித்தன, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், தோல் அளவுக்கு மீறி இளகிக் கணுக்காலைப் பிடிக்கும் இறுக்கம் போய்விடும். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துக் காற்றாட வையுங்கள்.

தோல் யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜோடி ஒன்றரைக் கிலோ வரும். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலை நடைக்காரர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. மூன்றாம் நாள் மாலையில் அது பொய்யில்லை என்று தெரியும். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறார்கள், ஒரு நாள் நடைக்குத் தோல் பூட்ஸ் அவசியமே இல்லை. ஜூன், ஜூலை மழையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் உகந்ததல்ல. ஒரு தடவை உள்ளே தண்ணீர் போனால் இரண்டு நாள் காயாது, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியையும் தடுக்காது; அது மேலே விளிம்பு வழியாக ஏறிவிடும், அதற்குத் தனியாக அட்டை சாக்ஸ்தான் போட வேண்டும். கரடுமுரடான பாறை, பனி, முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ, வருடத்துக்கு இரண்டு மூன்று நீண்ட நடை, இவையெல்லாம் இருந்தால் தோலுக்கு நிகரில்லை.

உங்கள் கேதார்காந்தாவுக்கு என் பதில் இது. இனியும் வருடாவருடம் மலைக்குப் போவேன் என்று தோன்றினால், தைத்த சோல் உள்ள தோல் பூட்ஸை அக்டோபருக்குள் வாங்கி, நவம்பர் டிசம்பர் முழுக்கப் போட்டு நடந்து பழக்குங்கள். பனி மேலே விளிம்பு வழியாக உள்ளே போகாமலிருக்க கெய்ட்டர் (பூட்ஸுக்கு மேலே காலைச் சுற்றி மாட்டும் உறை) ஒரு ஜோடியும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குள் வாங்க முடியாவிட்டால், இந்தத் தடவைக்கு நீர் புகாத துணி பூட்ஸே போதும், தோலை அடுத்த வருடத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்.