இனிப்பு நீரும் காலும்: மிஸ்ஸியிடம் கேளுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல வருடம் புண்ணுக்கு மருந்து கட்டிய மிஸ்ஸி (தாதி) நான், இப்போது ஓய்வு. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களின் கால் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை. கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். காலை மட்டும் யாரும் பார்ப்பதில்லையே?

பதில்: நேரம் இல்லை, அதுதான் உண்மை. காலுறையைக் கழற்றி, விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் பாதத்தை இடம் இடமாகத் தொட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் பிடிக்கும். 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. நம் ஊர்க் கிளினிக் வரிசை எவ்வளவு நீளும், நீங்களே பாருங்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது காலைப் பார்க்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: மிஸ்ஸி, அப்பாவுக்குக் கால் வலியே கிடையாது. அப்புறம் என்ன பயம்?

பதில்: வலி இல்லாததுதான் பயம். இனிப்பு நீர் காலை மரத்துப்போக வைக்கும், காயம் பட்டாலும் தெரியாது. ஒரு தடவை மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். காலுறை பாதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. செலைன் ஊற்றி ஊறவைத்து உரித்தால், உள்ளே செம்பனை மட்டையின் முள். பூட்ஸின் அடியைத் துளைத்து ஏறியிருக்கிறது, மூன்று நாளாக மனுசன் அதன் மேலேயே நடந்திருக்கிறார். "ஏதோ ஈரமா இருந்திச்சி மிஸ்ஸி" என்றார்.

அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் விரலால் ஒன்றிரண்டு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு தெரியவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். பூட்ஸைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவவும் பழக்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் தினமும் மருந்து கட்ட வரச் சொல்கிறார்கள். தோட்டத்துக்கு பஸ் இல்லை. நான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனால் அன்றைய சம்பளம் போச்சு.

பதில்: ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) வைத்தியம், போய்வரத்தான் காசு. முன்பு தோட்டத்திலேயே மருந்து கட்டும் டிரெசர் இருப்பார். அந்தக் காலம் போய்விட்டது. வீட்டிலேயே கட்ட முடியுமா, சில நாள் தாங்கும் கட்டு ஒத்துவருமா என்று கிளினிக் மிஸ்ஸியிடம் கேளுங்கள். அவர் எதிரில் நீங்களே ஒரு தடவை கட்டிக் காட்டுங்கள். அடிப்பாதப் புண் என்றால் கட்டு மட்டும் போதாது, அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால் எந்த மருந்தும் ஏறாது. நாற்றம், கருப்பு, பரவும் சிவப்பு, காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் சம்பளத்தைப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: சுடுதண்ணீரில் கால் ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டாம். மரத்த காலில் வெந்தது மறுநாள் கொப்புளம் வந்தால்தான் தெரியும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் பால்குடம் வேண்டியிருக்கிறேன். கால் கொஞ்சம் மரத்திருக்கிறது.

பதில்: வெயில் ஏறிய தார் ரோட்டில் வெறுங்காலோடு போகாதீர்கள். விடியும் முன்பே எடுங்கள், கோயில் வாசல் வரை செருப்பு போடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். முடிந்ததும் அடிப்பாதத்தை யாரிடமாவது காட்டுங்கள். தீமிதி மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறது. புண் இல்லை, பெரிய வலியும் இல்லை. கௌட் (மூட்டு வீங்கி வலிக்கும் வாதம்) என்கிறார்கள்.

பதில்: கௌட் என்றால் போர்வை பட்டாலே கத்துவீர்கள். மரத்துப்போன காலில் உள் எலும்பு நொறுங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். அதற்குச் சார்கோ என்று பெயர். இன்றே டாக்டரைப் பாருங்கள். அந்தக் காலை ஊன்றாதீர்கள், மோட்டாரையும் உதைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிடுங்கள்.